புல்லட் 350: இக்னிஷன் காயிலுக்கு ரிலே வைக்கலாமா?

திருச்சி புல்லட்:
அண்ணன்மார்களே, என் வண்டி 1978 புல்லட் 350. 12 வோல்ட்டுக்கு மாற்றியது, காயிலும் 12 வோல்ட்தான். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட், கண்டென்சர், பிளக் மூன்றும் புதுசு. ஆனாலும் ஹெட்லைட் போட்டதும் இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் வருகிறது. பேட்டரியில் 12.4 வோல்ட், காயிலில் 12.3. சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயை வைக்கலாமா என்றால், வோல்டேஜே குறையவில்லை, அப்புறம் ரிலே எதற்கு என்கிறார் மெக்கானிக்.

பழைய வயரிங்:
தம்பி, பாயிண்ட் திறந்திருக்கும்போது அளந்திருப்பீர்கள். அப்போது காயிலில் கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் எப்படிக் குறையும்? சாவியைப் போட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கரண்டைக் காட்டும் ஆம்ப்ஸ் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும் இடத்தில் பாயிண்ட் மூடியிருக்கும். அங்கே நிறுத்தி அளங்கள். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காயில் சூடேறிவிடும்.

திருச்சி புல்லட்:
அண்ணா, அளந்தேன். 10.4!

பழைய வயரிங்:
அதுதான் விஷயம். 2 வோல்ட் சாவி சுவிட்சிலும் பழைய வயரிலும் போய்விடுகிறது. காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் காணாமல் போகிறது. ரிலே தாராளமாக வைக்கலாம்.

கார்களுக்கு வரும் சாதாரண 12 வோல்ட், நாலு கால் ரிலே போதும். கால்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். காயிலுக்கு இப்போது வரும் வயரைக் கழற்றி 86-இல் கொடுங்கள். 85 எர்த்துக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 10 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் புது வயர் 30-க்கு, 87-லிருந்து காயிலுக்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். பழைய சுவிட்ச் இனி ரிலேயை இழுக்கும் சின்னக் கரண்டை மட்டும் தாங்கினால் போதும். ரிலேக்குள் டயோட் இருந்தால் 85, 86 மாறவே கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டியா, அதாவது பேட்டரியின் பிளஸ் பாடியோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை ஷெட்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் காயில் கரண்ட் ஆம்ப்ஸ் மீட்டர் வழியாகப் போகாது. பாயிண்ட் மூடும்போது முள் அசையாது, ஓடும்போதும் சார்ஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். முள்ளைப் பார்த்துக் கிக் அடிக்கும் பழக்கம் இருந்தால் 30-க்கான வயரை மீட்டரின் லோடு பக்கத்திலிருந்து, அதாவது பேட்டரி வயர் வராத பக்கத்திலிருந்து எடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன், புல்லட்டில் அந்த முள் அவ்வளவு உதவி. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்க, ரப்பர் வைத்து மாட்டுங்கள். தண்ணீர் தேங்காது, அதிர்வும் தாங்கும்.