'பவர் ஆஃப் எ பாயின்ட்': கலைச்சொல் வேண்டும், வியாழனுக்குள்

கு. எழுதியது:

நண்பர்களே, மாணவர்கள் வீட்டுக்கணக்கைத் தாமாகவே போட ஒரு துணைத்தாள் தயாராகிறது. வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். வட்டம், நாண், தொடுகோடு, வெட்டுக்கோடு எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. 'பவர் ஆஃப் எ பாயின்ட்', அதாவது ஒரு வட்டத்தைப் பொறுத்து ஒரு புள்ளிக்கு உரிய எண், ஒன்றுதான் சொல் இல்லாமல் நிற்கிறது.

கணக்கு இது: எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0. வர்க்கப் பூர்த்தி செய்தால் மையம் (3, −2), ஆரம் 5. புள்ளி (9, 6). மையத்திலிருந்து அதன் தொலைவின் வர்க்கம் 36 + 64 = 100. அதில் ஆரத்தின் வர்க்கம் 25 போக 75. தொடுகோட்டின் நீளம் √75, அதாவது 5√3. அந்த 75-க்குத்தான் பெயர் வேண்டும். 'புள்ளியின் அடுக்கு' என்று வரைவில் போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மெ. எழுதியது:

அடுக்கு வேண்டாம். எக்ஸ்²-இல் உள்ள 2-உம் அடுக்கு, இந்த 75-உம் அடுக்கு என்றால் பிள்ளைகள் எதை எதன்மேல் ஏற்றுவது? குழப்பத்தின் மூலம் நம்முடையதும் அன்று. கணித அறிஞர் யாக்கோப் ஸ்டைனர் 1826-இல் இதைப் 'பொட்டென்ஸ்' என்றார். செருமனில் அது அடுக்குக்கும் உரிய சொல்.

திறன் என்றால் இயற்பியலில் அதன் அலகான வாட் வந்து நிற்கும். என் பரிந்துரை 'வலி'. 'வினைவலியும் தன்வலியும்' என்று வள்ளுவர் அளந்து பார்க்கச் சொன்னதும் இதைத்தானே.

ந. எழுதியது:

ஐயா, "வட்டத்தைப் பொறுத்துப் புள்ளியின் வலி யாது?" என்று தேர்வில் கேட்டால் தைலம் தேடுவார்கள்.

'வட்டமிகை' என்று வைக்கலாம். தொலைவின் வர்க்கம் ஆரத்தின் வர்க்கத்தைவிட எவ்வளவு மிகுகிறது என்பதுதான் பொருள். சொல்லே சூத்திரத்தைச் சொல்லிவிடும்.

மெ. எழுதியது:

புள்ளி (4, −1) எடுங்கள். 1 + 1 − 25 = −23. மிகை −23 என்பீர்களா? மிகை எண், குறை எண் என்று கீழ்வகுப்பிலேயே படித்தவனுக்குக் 'குறை எண்ணாக அமையும் மிகை' எப்படி விளங்கும்?

வலி நோவைக் குறிக்கிறது என்றால் 'வல்' என்ற வேரையே எடுத்துக்கொள்ளலாம். 'வல்லென் கிளவி தொழிற்பெயர் இயற்றே' என்கிறது தொல்காப்பியம். அங்கே வல் சூதாடு கருவி என்பது உண்மைதான். ஆனால் அந்த நூற்பா இருப்பது புள்ளிமயங்கியலில்! புள்ளியும் வல்லும் அன்றே ஒரே இயலில்...

செ. எழுதியது:

அங்கே புள்ளி என்பது மெய்யெழுத்து. இழை திசைமாறுகிறது.

மாணவர் எங்கே தவறுகிறார் என்று பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள். 2எக்ஸ்² + 2ஒய்² − 12எக்ஸ் + 8ஒய் − 24 = 0 என்று கொடுத்தாலும் அதே வட்டம்தான். ஆனால் (9, 6)-ஐ நேரே இட்டால் 150 வரும். முதலில் 2-ஆல் வகுத்து, வர்க்க உறுப்புகளின் கெழுவை 1 ஆக்கினால்தான் 75. இதில் இடறுகிறவர்களே அதிகம். அடுத்து, ஆரத்தை வர்க்கமாக்காமல் 100 − 5 = 95 என்று நிறுத்துவது. மையத்தின் குறியை மாற்றாமல் (−3, 2) என்று எடுத்தால் 144 + 16 − 25 = 135.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதையும் தாளில் காட்ட வேண்டும். (9, 6) வழியே ஒரு வெட்டுக்கோடு: அதன் புள்ளிகள் (9 − 2த, 6 − த), த மாறும் எண். வட்டத்தில் இட்டால் 5த² − 40த + 75 = 0. ஐந்தால் வகுத்தால் த² − 8த + 15 = 0, த = 3 அல்லது 5. வெட்டும் புள்ளிகள் (3, 3), (−1, 1). தொலைவுகள் 3√5, 5√5. பெருக்கினால் 75. மையம் வழியே போனால் 5 × 15, அதுவும் 75. எந்தக் கோடு வெட்டினாலும் பெருக்கம் மாறாது. ஆகவே 'வெட்டுப்பெருக்கம்'. உள்ளே இருக்கும் புள்ளிக்கு இரு வெட்டும் எதிரெதிர்த் திசையில் விழுவதால் குறை எண் வருகிறது. −23-க்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

ந. எழுதியது:

இது நல்ல சொல். ஆனால் அடுத்த பாடத்துக்கு நீளுமா? இரு வட்டங்களின் சமன்பாடுகளைக் கழித்தால் வரும் கோட்டில் எந்தப் புள்ளிக்கும் இரு வட்டங்களைப் பொறுத்தும் இந்த எண் சமம். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்? 'சமவெட்டுப்பெருக்கக்கோடு' என்று அச்சடித்தால் வரி மடங்கும். 'சமமிகைக்கோடு' அடக்கமாக இருக்கிறது.

கு. எழுதியது:

அந்தக் காரணத்துக்காகவே 'வலு' எனக்குப் பிடிக்கிறது. புள்ளிவலு, சமவலுக்கோடு. முற்றியலுகரம் ஆதலால் உகரம் கெடாமல் 'புள்ளிவலுவின்' என்று வேற்றுமையும் இடறாமல் ஏற்கும். மெ. ஐயாவின் வேரும் காப்பாற்றப்படும்.

செ. எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் வலு என்பதே இயற்பியலின் பவர். வாட்டை வாசல் வழியே அனுப்பிச் சன்னல் வழியே அழைக்கிறீர்கள்.

கு. எழுதியது:

தனித்து 'வலு' என்று எங்கும் எழுதாமல் 'புள்ளிவலு' என்றே சேர்த்து எழுதுகிறோம். முதல் இடத்தில் மட்டும் 'அதாவது வெட்டுப்பெருக்கம்' என்று ஒரு வரி. மூவர் சரி என்கிறார்கள், ந. ஒருவரே மறுக்கிறார். பக்கம் கட்டியாகிவிட்டது. இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

ந. எழுதியது:

பார்த்தேன். நான்காம் கணக்கின் விடையில் 23 என்று இருக்கிறது, குறை குறி விட்டுப்போயிற்று. அதன் கீழேயே "ஆகவே தொடுகோட்டின் நீளம் √23" என்றும் இருக்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடே வரைய முடியாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். வட்டமிகை என்று வைத்திருந்தால் குறி விட்டது உடனே கண்ணில் பட்டிருக்கும் என்பதே இப்போதும் என் கட்சி.