மிர்-29 கொடுத்தால் கல்லீரல் தழும்பு அடங்குமா?

நுண்ணோக்கி: தழும்பு விழுந்த கல்லீரலில் மிர்-29 குறைந்து கிடக்கிறது. இது மைக்ரோ ஆர்என்ஏ, அதாவது புரதமாக மாறாத குட்டி ஆர்என்ஏ. தழும்பின் நார்ப் புரதமான கொலாஜனைச் செய்யச் சொல்லும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடும். காயத்தில் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் இந்தக் கடிவாளத்தை அறுக்கிறது. திரும்பக் கொடுத்தால் தழும்பு அடங்கும். இதில் சண்டை எதற்கு?

ஐயப்பாடு: எலிக்கு அடங்கும். மிர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவைப் போலச் செய்த எம்ஆர்எக்ஸ்34 மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் வெறியோடு பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016-ல் சோதனையே நின்றது.

நுண்ணோக்கி: அது மிர்-34, லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழிப் பொட்டலம். மிர்-29 மேல் ஏன் பழி?

ஐயப்பாடு: ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூறு மரபணுவில் கை வைக்கிறதே, அந்தக் குணத்தின் மேல்தான் பழி. கல்லீரலின் மைக்ரோ ஆர்என்ஏக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மிர்-122. ஹெபடைடிஸ் சி வைரஸுக்குத் துணைபோகிறது என்று அதைக் கட்டிப்போட மருந்து செய்தார்கள். எலியில் அதை அடியோடு நீக்கினாலோ கொழுப்பு, தழும்பு, கடைசியில் புற்றுநோய். இது நல்லவனா, கெட்டவனா?

ராத்திரிலேப்: ரெண்டு பேரும் கொலாஜனையே சுற்றுகிறீர்கள். மைக்ரோ ஆர்என்ஏவை நறுக்கித் தரும் டைசர் நொதியை எலிக் கரு ஸ்டெம் செல்லில் நீக்கினால் செல் சாகாது, வேறு செல்லாக மாறத்தான் தெரியாது. மிர்-145 ஏறினால்தான் ஸ்டெம் செல் நிலையைக் காக்கும் ஆக்ட்4, சாக்ஸ்2 மரபணுக்கள் அடங்கும். தழும்பும் உருமாற்றக் கதைதான். கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்த்து வைக்கும் ஸ்டெல்லேட் செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டுப் பாருங்கள்: புற ஊதா ஒளியில் மினுங்கும் வைட்டமின் ஏ துளிகள் நாளுக்கு நாள் மங்கும், செல் தட்டையாகப் பரவி நார் நூற்கத் தொடங்கும். யாரும் தூண்ட வேண்டாம். 2012-ல் எலிகளில் பார்த்தபோது, காயம் ஆறியதும் இப்படி மாறியவற்றில் ஏறக்குறைய பாதி சாகாமல் பழைய சாந்தத்தை ஏறக்குறைய ஒத்த நிலைக்குத் திரும்பின. அந்தத் திருப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆர்என்ஏ எது என்று கேளுங்கள்.

ஐயப்பாடு: காயத்தை நிறுத்தினாலே திரும்புகிறது என்றுதானே நானும் சொல்கிறேன்! வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தை 5 ஆண்டு எடுத்த ஹெபடைடிஸ் பி நோயாளிகளில், முதலில் சிரோசிஸ் (முற்றிய தழும்பு) இருந்த 96 பேரில் 71 பேருக்கு மறு பயாப்ஸியில் அது இல்லை.

நுண்ணோக்கி: மீதி 25 பேர்?

ஐயப்பாடு: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டெல்லேட் செல்லுக்கு மட்டும் போய்ச் சேரும் பொட்டலம் எங்கே?

ராத்திரிலேப்: வைட்டமின் ஏ கோத்த கொழுப்புத் துகள். அதன் ஆசைப் பண்டம், தானே வாங்கிக்கொள்ளும். கொலாஜன் உருவாக உதவும் எச்எஸ்பி47ஐ அடக்கும் ஆர்என்ஏவை இப்படி ஏற்றி மனிதரிடமே சோதித்தாயிற்று.

ஐயப்பாடு: அது ஒரே மரபணுவைக் குறிவைத்துச் செய்த எஸ்ஐஆர்என்ஏ அல்லவா? என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி.