ஹீலி வரைந்த லிங்கன்: நேரில் பார்த்து வரைந்ததா?

தூரிகை: அமெரிக்க ஓவியர் ஹீலி வரைந்து, வெள்ளை மாளிகையில் இருக்கிற ஜனாதிபதி லிங்கனின் ஓவியத்துக்காக லிங்கனே உட்கார்ந்தார் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. லிங்கன் இறந்தது 1865. ஓவியம் 1869. யார் வந்து உட்கார்ந்தது?

கல்தூண்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1860-லேயே ஹீலி ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் லிங்கனை உட்காரவைத்து வரைந்திருக்கிறார். அந்தக் கண் பார்த்த முகம்தானே இதுவும்?

தூரிகை: அது வேறு படம் ஐயா! அதில் தாடியே கிடையாது. மறுபடி சொல்கிறேன்: இறந்தது 1865, ஓவியம் 1869. ஹீலி 1868-ல் இன்னொரு ஓவியம் வரைந்தார். 1865 மார்ச்சில் ரிவர் குவீன் கப்பலில் லிங்கனும், அவருடைய படைத்தலைவர்கள் கிராண்ட், ஷெர்மன், போர்ட்டர் மூவரும் உள்நாட்டுப் போரின் முடிவைப் பற்றிப் பேசும் காட்சி. அதில் மோவாயைக் கையில் தாங்கி, முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் லிங்கனை மட்டும் பிரித்தெடுத்ததுதான் இந்தப் படம். மேஜை இல்லை, காகிதக் கட்டு இல்லை, பின்னால் தூண் இல்லை. பதவியைக் காட்டும் படங்களில் இப்படிக் காதுகொடுக்கும் தலைவரை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

படிக்கட்டு: அவ்வளவு உசத்தி என்றால், பிறகு ஜனாதிபதியான கிராண்ட் ஏன் அதை விட்டுவிட்டு வில்லியம் காக்ஸ்வெல் வரைந்த லிங்கன் படத்தை வெள்ளை மாளிகைக்குத் தேர்ந்தெடுத்தார்? கிராண்ட் லிங்கனோடு பழகியவர்.

தூரிகை: கிராண்டுக்குப் போர் தெரியும், ஓவியம் தெரியுமா? ஹீலியின் படத்தை வாங்கியது லிங்கனின் மகன் ராபர்ட். ராபர்ட்டின் மனைவி எழுதிவைத்த உயிலால்தான் 1939-ல் அது வெள்ளை மாளிகைக்கே வந்தது.

கல்தூண்: பெற்ற மகனே விரும்பி வாங்கினார் என்றால் என் பேச்சுத்தானே நிற்கிறது? பார்க்காதவர் கையில் அந்த முகம் வருமா?

தூரிகை: முகம் தெரிந்திருப்பது வேறு, முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு. 1865. 1869. இதில் என்ன புரியவில்லை?

படிக்கட்டு: பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டிஸ்ரேலியின் ஓவியத்தைப் பேசியபோதும் இதே அதட்டல்தான். ஓவியர் மில்லே அதை முடிப்பதற்குள் டிஸ்ரேலி இறந்துவிட்டார் என்று நான் சொன்னதற்கு என்ன பாடு படுத்தினீர்கள்!

தூரிகை: நான் மறுத்தது அதையா? முடியாத படத்தை 1881-லேயே லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் மாட்டியது சரியில்லை என்றீர்கள், அதைத்தான் மறுத்தேன். விக்டோரியா மகாராணியே விரும்பி மாட்டச் சொன்ன படம் அது.

கல்தூண்: மகாராணி சொன்னால் சரி, கிராண்ட் சொன்னால் தப்பா? நல்ல நியாயம்.

தூரிகை: பேச்சை மாற்றாதீர்கள். 1869-ல் அந்த நாற்காலியில் யார் இருந்தார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

கல்தூண்: 1860-ல் யார் இருந்தாரோ, அவரேதான்.