மின்னணு டிரிகர் ஏர் பிஸ்டலுக்குக் கூடுதலாக 38,000 ரூபாய் கொடுக்கலாமா?

சோமனூர் தறிக்காரர்:
என் மகளுக்கு 15 வயது. கோவையில் 14 மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். கிளப் துப்பாக்கியில் 600க்கு 530ஐ ஒட்டியே நிற்கிறாள். குண்டுகள் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே விழுகின்றன. சொந்தமாக ஸ்டேயர் ஈவோ 10 வாங்க முடிவு செய்திருக்கிறோம். அதிலேயே மின்னணு டிரிகர் உள்ள ஈவோ 10 ஈ எனக்குச் சொன்ன விலையில் 38,000 ரூபாய் அதிகம். எட்டுத் தறி ஓட்டுகிறவனுக்கு அது பெரிய தொகை. ஆனாலும் அம்மணிக்கு உதவும் என்றால் கொடுத்துவிடுவேன். குண்டு இடப்பக்கம் இறங்குவதை அது சரிசெய்யுமா?

ஈரோடு வாசகர்:
தாராளமாக வாங்குங்கள். மின்னணுவில் விரல் ஒரு மின்தொடர்பைத்தான் ஏற்படுத்துகிறது, மீதியை மின்காந்தம் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடும். நான் மாறிய பிறகு மனம் நிம்மதியாக இருக்கிறது.

பீளமேடு லேத் பட்டறை:
தறிக்கார அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். பாப்பா வலக்கையால்தானே சுடுகிறாள்? வலக்கைக்காரர்களுக்கு இடம், கீழ் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விரலும் கைப்பிடியும். துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடையே சுமார் 35 செ.மீ. தூரம். விரலை வெடுக்கென்று இழுக்கும்போது முன்பார்வை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் குண்டு ஏறக்குறைய 29 மி.மீ. விலகும். 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 11.5 மி.மீ. தான். அந்த இழுப்பை எந்த மின்காந்தமும் தடுக்காது. டிரிகர் எடை, அதாவது அதை இழுக்க வேண்டிய விசை, விதிப்படி குறைந்தது 500 கிராம், இரண்டு வகைக்கும் அதேதான்.

கிளப் கைப்பிடி அவள் கைக்குப் பெரியதா என்று பாருங்கள். விரல் நுனி மட்டும் எட்டினால் டிரிகரை நேராகப் பின்னுக்கு இழுக்க வராது, பக்கவாட்டில் தள்ளிவிடும். சிறிய கைப்பிடி கிடைத்தால் போட்டு, டிரிகர் தகட்டையும் பின்னுக்கு நகர்த்தி, வெள்ளைச் சுவரைப் பார்த்து தினமும் 20 நிமிடம் குண்டில்லாமல் பழகட்டும்.

ஈரோடு வாசகர்:
கைப்பிடி விஷயம் சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் வளர்கிற பிள்ளைக்கு நல்லதாகவே வாங்கிவிடலாமே?

பீளமேடு லேத் பட்டறை:
நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மின்சுற்று பழுதானால் போட்டி நடுவில் நாம் கை வைக்க முடியாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குக் குண்டு ஏற்றும் நெம்புகோல் உடைந்து, அதை மாற்றிய பிறகு மின்சுற்றும் வேலை செய்யாமல் நேரம் கரைந்தது. 575 எடுத்தும் 12ஆம் இடம், இறுதிச்சுற்று போயிற்று. 60 குண்டுக்கு 75 நிமிடம் என்ற கணக்கில் 15 வயதுப் பிள்ளை அந்தப் பதற்றத்தைத் தாங்குவது கடினம். 560 தாண்டி நிலையாக நின்ற பிறகு மின்னணுவைப் பற்றி யோசியுங்கள் என்பது என் கருத்து.

சோமனூர் தறிக்காரர் (மூன்று வாரம் கழித்து):
சிறிய கைப்பிடியை இரவல் வாங்கிப் போட்டோம். நுனிவிரல்தான் எட்டிக்கொண்டிருந்தது! குண்டுகள் நடுவுக்கு வந்துவிட்டன, நேற்று 543. சாதாரண ஈவோ 10ஐயே சிறிய கைப்பிடியோடு கேட்டிருக்கிறேன். மிச்சப் பணத்தை பெல்லட்டுக்கும் போட்டிப் பயணத்துக்கும் வைத்திருக்கிறேன். மிக்க நன்றி தம்பி.

பீளமேடு லேத் பட்டறை:
மகிழ்ச்சி அண்ணா. கையில் வாங்கும்போது காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு கடந்ததைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. கடையில் பழைய இருப்பு இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.