தெப்பக்குளத்தில் 1950களின் கார்கள்: பளபளப்பு இருந்தால்தான் படமா?

தெப்பக்குளம் கேமரா

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் 1950களின் கார்களை மட்டும் நிறுத்திப் படம் எடுக்க ஏற்பாடு நடக்கிறது. மதுரை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம். மோரிஸ் மைனர், லேண்ட்மாஸ்டர், அம்பாசடரின் முதல் மாடல், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு டென், செவர்லே, பிளைமவுத் எதுவானாலும் சரி.

கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தது வெளிச்சத்துக்காக. சூரியன் நமக்குப் பின்னால் ஏறும், காருக்குப் பின்னால் தண்ணீரும் மைய மண்டபமும் வரும். ஆனால் நல்ல படம் சூரியன் தெரிவதற்கு முந்தைய இருபது நிமிஷத்தில்தான் கிடைக்கும். அதனால் இருட்டோடு வந்துவிட வேண்டும்.

ஒரு நிபந்தனை. பெயிண்டும் குரோமியமும் சுத்தமாக இருக்கும் வண்டிகள் மட்டும் வரட்டும். எஞ்சின் மாற்றியது, கூரையை வெட்டியது, துரு ஏறி நிற்பது வேண்டாம். உருவத்துக்காகவே கார் செய்த காலம் அது. 1948 காடிலாக்கின் பின்பக்கம் எழுந்த அந்தச் சின்னச் சிறகை, ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் ஆட்கள் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து வரைந்தார்கள். 1959க்குள் அது வளர்ந்து எங்கேயோ போய்விட்டது. அந்தச் சிறகு நம் ரோட்டுக்கு அதிகம் வரவில்லைதான். ஆனாலும் லேண்ட்மாஸ்டரின் மட்கார்டு வளைவைப் பாருங்கள். அதன் மேல் வெளிச்சம் முன்னாலிருந்து பின்னால் வரை அறுபடாமல் ஓட வேண்டும். ஒரு டொக்கு இருந்தாலும் அந்தக் கோடு உடைந்துவிடும்.

செல்லூர் தறி

தம்பி, உங்கள் ஆர்வம் நல்லது, நிபந்தனைதான் சரியில்லை.

1950களில் எங்கள் தெருவுக்குள் பிளசர் கார் வந்தால் ஒன்று டாக்டர் வந்திருப்பார், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க யாராவது வந்திருப்பார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மில் முதலாளி வீட்டுக் கார் மாசி வீதியோடு திரும்பிவிடும். சாதாரணக் குடும்பத்து ஆள் ஒரு பழைய அமெரிக்கக் காரில் ஏறி உட்கார்ந்தான் என்றால் அது மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குத்தான். அந்த வண்டி எது? நீங்கள் வேண்டாம் என்கிற, கூரையை வெட்டிய வண்டி. சீரியல் பல்பு, பூச்சரம், முன்னால் பேண்டு செட், பின்னால் தலையில் லைட்டைச் சுமந்து வரும் பெண்கள். ஊரே அந்தக் காரைப் பக்கத்தில் நின்று பார்த்தது அப்போதுதான்.

அதை ஒதுக்கிவிட்டு ஷெட்டில் மூடி வைத்திருந்த காரை மட்டும் கொண்டாடினால் மதுரையின் 1950களில் பாதிகூடப் படத்துக்குள் வராது.

தெப்பக்குளம் கேமரா

செல்லூர் அண்ணன் சொல்வது ஊர்வலத்தின் கதை. நான் கேட்பது காரின் கதை. ஒரு செடான் காருக்குக் கூரைதான் பாதி அழகு. கண்ணாடியில் தொடங்கி டிக்கியில் போய் இறங்கும் அந்தக் கோட்டை ரம்பம் வைத்து அறுத்தபின் மிச்சம் இருப்பது முன்பக்கம் மட்டும்தான். வாடகைக்காக அறுத்தார்கள், பிழைப்பு, அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் 1951 செவர்லே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

புதூர் பட்டறை

நான் டிங்கரிங் பார்க்கிறவன். கூரை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செவர்லே, பிளைமவுத், டாட்ஜ் மாதிரி வண்டிகளுக்கு அடியில் சேஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. கூரையை எடுத்தாலும் சேஸ் தாங்கும். அதனால்தான் கல்யாண வண்டிக்கு அந்த வண்டிகளாகவே பார்த்துப் பிடித்தார்கள். ஃபியட் 1100, லேண்ட்மாஸ்டர், அம்பாசடர் எல்லாம் அப்படி இல்லை. பாடியேதான் சேஸ். அதில் கூரையை எடுத்தால் நடுவில் வளைந்துவிடும், அப்புறம் கதவு ஒழுங்காக மூடாது. ஆக, அறுத்தவர்கள் விவரம் தெரிந்துதான் அறுத்தார்கள்.

அதே காரணத்தால் துரு விஷயத்தில் நான் கேமராத் தம்பி பக்கம், வேறு நியாயத்துக்காக. ஃபியட்டில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருவில் போய்விட்டால் அது வெறும் தோற்றக் குறை இல்லை. வண்டியின் முதுகெலும்பே போச்சு என்று அர்த்தம். "பழமையை அப்படியே விடுங்கள்" என்று சொல்பவர்கள் ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாகமலை வாத்தியார்

எஞ்சின் மாற்றிய வண்டி வேண்டாம் என்கிறார் தம்பி. ஏன் மாற்றினார்கள் என்று பார்க்காமல் அதை ஒதுக்க முடியாது.

மதுரை கார் விஷயத்தில் சாதாரண ஊர் இல்லை. பஸ் கம்பெனியாகத் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் இங்கிருந்துதான் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து விற்றதும் அவர்கள்தான். அதனால் இந்தப் பக்கத்தில் செவர்லேக்கள் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

1953இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கே கோத்து மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை, உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் தொடரலாம் என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கிருந்த தொழிற்சாலைகளை மூடிவிட்டுப் போனார்கள். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும் கம்பெனிகள்தான் மிஞ்சின. செவர்லே வைத்திருந்தவருக்கு பிஸ்டன் ரிங் வேண்டுமென்றால் எங்கே போவார்? சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டியில் தேட வேண்டும், அல்லது லேத்தில் கடைய வேண்டும். ஒரு கட்டத்தில் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெட்ரோலைக் குடிக்கும் ஆறு சிலிண்டர் வண்டி அதற்குப் பிறகு வாடகைக்கு ஓடிச் சோறு போட்டது.

ஆக, பானட்டுக்குள் இருக்கும் அந்த வேற்று எஞ்சின் 1953இன் முடிவுக்கு நேரடிச் சாட்சி. 1950களைக் கொண்டாடுகிறேன் என்று சொல்லிவிட்டு அதையே வெளியே நிறுத்துவது எனக்குப் புரியவில்லை.

காரைக்குடி வீடு

எங்கள் தாத்தா வாங்கிய லேண்ட்மாஸ்டர் இன்னும் ஓடுகிறது. பழைய பெயிண்ட் அப்படியே இருக்கிறது. பானட்டின் மேல் வெயில் பட்டு வெளுத்துவிட்டது, ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்து வைத்தே பெயிண்ட் தேய்ந்து பிரைமர் தெரிகிறது. கேமராத் தம்பியின் நிபந்தனைப்படி எங்கள் வண்டி வர முடியாது.

பெயிண்ட் அடித்துவிடலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. ஒருமுறை உரசி எடுத்துவிட்டால் அது போனது போனதுதான், எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தப் பூச்சு திரும்ப வராது. அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வருஷம்கூட அடிக்கலாம். ஒரு பட்டறையில் கிரில்லைக் கழற்றினார்கள், திரும்ப வந்தது அம்பாசடர் கிரில். அதிலிருந்து வண்டியை யாரிடமும் முழுசாக விடுவதில்லை.

சட்ட விஷயமும் பேச வேண்டும். 2021இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவு என்றால் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. இந்தப் பதிவில் உள்ள வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். டீசல் ஏற்றிய பிளைமவுத்துக்கும் கூரை வெட்டிய செவர்லேக்கும் இந்த வழி அடைபட்டதுதான். இந்த விஷயத்தில் சட்டம் தம்பி பக்கம் நிற்கிறது, எனக்கு அதில் சந்தோஷம் இல்லாவிட்டாலும்.

தெப்பக்குளம் கேமரா

காரைக்குடி அண்ணன் வண்டி கண்டிப்பாக வர வேண்டும். பழைய பெயிண்ட் வெளுத்திருப்பது வேறு, கவனிக்காமல் விட்டுத் துரு தின்றது வேறு. வெளுத்த பெயிண்ட்டிலும் வளைவு தெரியும்.

நாகமலை சார், நீங்கள் சொன்ன 1953 கதை முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் எஞ்சினை மாற்றியதற்கு நியாயம் இருந்தது என்பதால் மாற்றிய எஞ்சினையே கொண்டாட வேண்டுமா? பஞ்ச காலத்தில் விற்ற நகையை வசதி வந்ததும் மீட்கப் பார்ப்பதில்லையா, அப்படித்தான் இதுவும். பொருத்தமான எஞ்சின் கிடைத்தால் திரும்பப் போட வேண்டும், அதற்கு மற்றவர்களுக்கு ஆசை வர வேண்டும். நல்ல வண்டியின் நல்ல படம்தான் அந்த ஆசையைக் கிளப்பும்.

வில்லாபுரம் அக்கா

நான் கல்யாணப் படம் எடுக்கிறவள், திறந்த கார்களை இரவு வெளிச்சத்தில் நிறைய எடுத்திருக்கிறேன். முதலில் தொழில் விஷயம், ஏனென்றால் வருகிற பிள்ளைகள் பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் குரோமியத்தின் எதிரொளி போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. கண்ணாடியிலும் பெயிண்ட்டிலும் உள்ள எதிரொளியைத்தான் அது குறைக்கும், உலோகத்தில் வேலை செய்யாது. பம்பருக்குள் நீங்கள், உங்கள் வெள்ளைச் சட்டை, பின்னால் டீக்கடை போர்டு எல்லாம் தெரியத்தான் செய்யும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு தள்ளி நின்று நீள லென்ஸில் எடுங்கள். பெயிண்ட்டிலும் போலரைசரை முழுசாகத் திருப்பாதீர்கள், எதிரொளி மொத்தமும் போனால் வளைவும் போய்விடும். கேமராவை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குங்கள். மொபைலின் அகல லென்ஸில் கிட்டே போய் எடுத்தால் மோரிஸ் மைனருக்கு மூக்கு மட்டும்தான் இருக்கும். முன் சக்கரத்தைத் திருப்பி வைத்து, டயரின் முகம் கேமராவைப் பார்க்காமல் ரிம் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஃபியட் 1100இன் முன்கதவு பின்பக்கக் கீலில் திறப்பது, அதைத் திறந்து வைத்து ஒரு படம் வேண்டும். மோரிஸ் மைனர் 1956க்கு முந்தியது என்றால் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். அதன் பக்கத் தூணிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் சிக்னல் கையையும் விடாதீர்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். எங்கள் அப்பா ஒரு வீட்டில் காரோட்டியாக இருந்தார். அந்த வீட்டு ஆல்பத்தில் அந்தக் காரோடு நிறையப் படங்கள் உண்டு. காரைத் துடைத்து, நிழல் பார்த்து நிறுத்தியவர் அப்பா. படம் எடுக்கும்போது அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு படத்தில் மட்டும், காரின் பின்கதவுக் கண்ணாடியில், தொப்பி போட்ட ஒரு உருவமாகத் தெரிகிறார். தெப்பக்குளத்துக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும், ஓட்டியவரோ, அவர் இல்லை என்றால் மெக்கானிக்கோ, பக்கத்தில் நின்று ஒரு படம் வேண்டும். இதற்குத் தம்பி ஒத்துக்கொண்டால் நான் வந்து இலவசமாக எடுத்துத் தருகிறேன்.

செல்லூர் தறி

அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. கார் மட்டும் தனியாக நின்றால் அது கம்பெனி விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும். யார் ஓட்டினார், யார் பழுது பார்த்தார், யார் அதில் ஏறவே இல்லை என்று தெரிந்தால்தான் மதுரைப் படம்.

புதூர் பட்டறை

பளபளப்புக்கு மார்க் போடும் முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மட்கார்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கனமாகப் பட்டி போட்டு இழைத்து மேலே அடித்த கார் படத்தில் பிரமாதமாக இருக்கும். காரைக்குடிக்காரர் வண்டி வெளுத்துப் போய்த் தெரியும். எது உண்மையான 1950களின் தகடு?

குரோமியமும் அப்படித்தான். திரும்ப முலாம் போடும் முன் பழைய பூச்சை எடுத்து, தகட்டைத் தேய்த்து, செம்பு, நிக்கல், கடைசியில் குரோமியம் என்று ஏற்றுவார்கள். தேய்க்கிறவருக்குக் கை நிதானம் இல்லாவிட்டால் பெயர் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும். மழுங்கிய எழுத்தோடு மின்னும் வண்டியைவிட, புள்ளி விழுந்த பழைய குரோமியத்தை நான் விரும்புவேன்.

இன்னொன்று. 1955க்கு முந்திய செவர்லேயில் 6 வோல்ட் கரண்டுதான். இருட்டோடு வரச் சொல்கிறீர்கள், அதன் ஹெட்லைட் இந்தக் காலத்து ரோட்டுக்குப் போதாது. காரைக்குடி, திண்டுக்கல் வண்டிகளை முந்தின நாள் சாயங்காலமே வரச் சொல்லிவிடுங்கள். நிறுத்த என் பட்டறையில் இடம் இருக்கிறது.

தெப்பக்குளம் கேமரா

புதூர் அண்ணே, இடத்துக்கு நன்றி, அப்படியே செய்கிறோம்.

நிபந்தனையை இப்படி மாற்றி எழுதுகிறேன். பெயிண்ட் பழசோ புதுசோ, தகடு நன்றாக இருந்தால் போதும். டீசல் ஏற்றிய வண்டி வரலாம். பானட்டைத் திறந்து வைத்து, எந்த வருஷம் எந்த எஞ்சின் போட்டார்கள் என்று நாகமலை சார் எழுதித் தர வேண்டும். ஓட்டுநர், மெக்கானிக் படத்துக்கு முழுச் சம்மதம், அக்கா கட்டாயம் வரவும்.

கூரை வெட்டிய வண்டியைத் தெப்பக்குளம் வரிசையில் சேர்ப்பதற்கு மட்டும் என் மனசு இன்னும் ஒப்பவில்லை. வரிசையின் கோடு அங்கே அறுபடும்.

செல்லூர் தறி

அப்படியென்றால் அதை விடியற்காலையில் நிறுத்த வேண்டாம் தம்பி. அது பகல் வண்டியே இல்லை. தை பிறந்தால் முகூர்த்தம் வரும். செல்லூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் பூவோடும் லைட்டோடும் அக்கா எடுக்கட்டும். பெண் வீட்டாரிடம் நான் பேசுகிறேன். தெப்பக்குளம் படங்களைப் போடும் அதே இடத்தில் அதையும் போட வேண்டும். சம்மதமா?

வில்லாபுரம் அக்கா

நான் தயார். வண்டிக்காரரிடம் ஜெனரேட்டரைப் பின்னால் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள், மட்கார்டு மறையக் கூடாது.