கரண்ட் போகும் நெட்வொர்க் கேபிளுக்கு ஒட்டுப் போடலாமா?
வணக்கம். மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி மொட்டைமாடி கேமராவின் கேட்-6 கேபிளை எலி கடித்துவிட்டது. நீலக் கம்பியில் செம்பு வெளியே தெரிகிறது, மழைநீர் பட்டுப் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கிறது. கேமராவுக்கான மின்சாரமும் இதிலேயே, நீலம், பழுப்பு ஜோடிகளில்தான் போகிறது. முறையான பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) ஸ்விட்ச் எதிர்முனைக் கருவியைச் சோதித்த பிறகே சுமார் 48 வோல்ட் தரும். எங்களுடையதோ பழைய 24 வோல்ட் இன்ஜெக்டர் (கேபிளில் கரண்ட் ஏற்றும் சிறு பெட்டி), எப்போதும் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஷாக்கைவிட, கம்பிகள் உரசி ஷார்ட்டானால் கேமராவே போய்விடுமே என்றுதான் பயம். அதனால் பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைப்பேன்.

சரி, களிம்பு ஏறிய பகுதியை வெட்டிவிட்டு ஜெல் கனெக்டர் (ஈரம் புகாதபடி உள்ளே ஜெல் நிரப்பிய இணைப்பான்) போட்டால் ஜூலை மழைக்குத் தாங்குமா? இல்லை, 40 மீட்டரையும் புதிதாக இழுப்பதுதான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.