டிரெயின் ஆர்டர் முறையில் கைகாட்டி பாயிண்டைக் கட்டுப்படுத்துமா?

லூப்லைன்:
அமெரிக்காவின் பழைய ஒற்றைப் பாதைகளில், தந்தியில் வந்த டிரெயின் ஆர்டர்களை (எந்த ரயில் எதுவரை போகலாம், எங்கே ஒதுங்க வேண்டும் என்ற எழுத்து உத்தரவுகளை) வைத்தே ரயில்களை ஓட்டினார்கள் என்று படித்தேன். ஸ்டேஷன் முகப்பில் ஒரு கைகாட்டி நிற்பதைப் படங்களிலும் பார்த்திருக்கிறேன். அது ‘போகலாம்’ என்று காட்டினால், எதிரே உள்ள பாயிண்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு) சரியாக அமைந்து பூட்டப்பட்டிருக்கிறது என்று டிரைவர் எடுத்துக்கொள்ளலாமா?

கைகாட்டிமரம்:
எடுத்துக்கொள்ள முடியாது. பொதுவாக அந்தக் கைகாட்டிக்கும் பாயிண்டுக்கும் இடையே கம்பியும் கிடையாது, இன்டர்லாக்கிங்கும் (பாயிண்ட் சரியாக இல்லாவிட்டால் ‘போகலாம்’ என்று காட்ட விடாத பூட்டிணைப்பு) கிடையாது. இந்த ஸ்டேஷனில் உங்களுக்கு ஆர்டர் காத்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். டிஸ்பாட்சர் (தொலைவிலிருந்து ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவர்) தந்தியில் சொல்வதை ஸ்டேஷன் ஆபரேட்டர் மெல்லிய தாள்களில் கார்பன் வைத்து எழுதி, எழுதியதை அவருக்குத் திருப்பி அனுப்பிச் சரிபார்த்து, ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லையும் நேரத்தையும் பெற்ற பிறகே அந்த ஆர்டர் செல்லுபடியாகும். ஆர்டர் படிவம் 31 என்றால் ரயில் ஊழியரின் கையெழுத்து வேண்டும், ஆகவே ரயில் நின்றாக வேண்டும்; படிவம் 19 என்றால் வளையத்தில் செருகி, ஓடும் ரயிலுக்கே நீட்டிவிடுவார்கள்.

பாயிண்ட் முழுக்க ரயில் ஊழியர்களின் கைவேலை. லூப்பில் (வேறு ரயிலுக்கு வழிவிடும் பக்கப் பாதையில்) ஒதுங்க வேண்டிய ரயில் பாயிண்டுக்கு முன்பே நிற்கும். முன்பக்கப் பிரேக்மேன் இறங்கிப் பூட்டைத் திறந்து லீவரைத் தள்ளுவார். கடைசிப் பெட்டியும் உள்ளே வந்ததும் பின்பக்கப் பிரேக்மேன் பாயிண்டை மெயின் லைனுக்குத் திருப்பிப் பூட்டுவார். லீவர் தண்டின் உச்சியிலுள்ள தகடும் இரவில் எரியும் விளக்கும்தான் பாயிண்ட் எப்பக்கம் இருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டும்.

லூப்லைன்:
திருப்பிப் பூட்ட மறந்துவிட்டால் டிஸ்பாட்சருக்கு எப்படித் தெரியும்?

இரும்புப்பாதை:
தெரியாது. டிரெயின் ஆர்டருக்குப் பின் வந்த டிராக் வாரண்ட் முறையிலும் (டிஸ்பாட்சர் ரேடியோவில் அனுமதி தரும் முறை), சிக்னல் இல்லாத பாதைகளில் இந்த ஓட்டை அப்படியே இருந்தது. 2005 ஜனவரி 6 அதிகாலையில் தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் நடந்தது இதுதான். முந்தைய மாலை ஒரு சரக்கு ரயிலைப் பக்கப் பாதையில் நிறுத்திய குழுவினர், மெயின் லைன் காலி என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னதும் உண்மைதான், ஆனால் பாயிண்ட் பக்கப் பாதைக்கே திரும்பியிருந்தது. அடுத்து வந்த ரயில் அதற்குள் புகுந்து, நின்ற ரயிலில் மோதியது. குளோரின் டேங்கர் உடைந்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட அவசர உத்தரவின்படி, பாயிண்டை மாற்றிய நேரத்தையும் திருப்பிப் பூட்டிய நேரத்தையும் ஊழியர்கள் ஒரு படிவத்தில் எழுத வேண்டியதாயிற்று.